வயிறு நிறைந்தால் போதுமா?

உலை வைக்க அரிசியில்லை என்பதே ஏழைக் குடும்பத்தின் முதற் கவலையாக இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் கவலை நமது ராஜ்யத்தில் பெரும்பாலும் நீங்கிவிட்டது. 2011-ம் வருஷம் ஜூன் மாதம் முதல் அரிசிக் கார்டு வைத்திருப்போருக்கு ரேஷன் கடையில் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. அரிசி இல்லாமையால் ஒரு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்ற பேச்சு இன்று அபூர்வம். இது சாமானியமான காரியமன்று. எந்தக் கட்சி செய்தது, எந்த மந்திரி செய்தார் என்ற விவகாரத்தை ஒதுக்கிவிட்டு, பஞ்சத்தின் கொடுமையை அறிந்த ஒரு தேசம் திருப்தியுடன் திரும்பிப் பார்க்க வேண்டிய காரியம் இது என்றே நாம் கூறுவோம்.

ஆயினும், அரிசிப் பானை நிறைந்த பிறகும் ஜனங்களின் தேகத்தில் பலம் ஏறவில்லையே, ஏன்? 2019 முதல் 2021 வரையில் நடந்த ஐந்தாவது தேசீயக் குடும்ப சுகாதார சர்வேயின் முடிவுகள் இந்தக் கேள்வியை நம் முன் வைக்கின்றன. தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் 100-க்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 100-க்கு 57 பேர் அதே நிலையில் இருக்கிறார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை. இவ்வளவும் ஒரு பக்கம். மறுபக்கத்தில் அதே சர்வே, அதே ஸ்திரீகளில் 100-க்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடை உடையவர்கள் என்றும் சொல்கிறது. ஒரே ஜனசமூகத்தில் இரத்தம் குறைவதும் எடை கூடுவதும் எப்படி ஒருங்கே நடக்கும் என்று சிலர் ஆச்சரியப்படலாம். ஆச்சரியத்திற்கு இடமில்லை. வயிற்றை நிரப்பும் பொருள் ஒன்று. தேகத்தை வளர்க்கும் பொருள்கள் பல. முன்னதை மலிவாக்கிவிட்டுப் பின்னதை எட்டாத விலையில் விட்டுவிட்டால், இரண்டும் ஒருங்கேதான் நடக்கும்.

குறைந்த வருமானமுள்ள ஒரு குடும்பம் நல்ல ஆகாரம் உண்ண முடியுமா? முடியும் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் அதில் குடும்பம் செய்யக்கூடிய பங்கு ஒன்று. குடும்பத்தின் கைக்கு எட்டாமல், சர்க்காரும் நகரசபையும் செய்தாக வேண்டிய பங்கு மற்றொன்று. இவ்விரண்டையும் கலந்து குழப்பி, ஏழைக்குச் சிக்கன உபதேசம் செய்துவிட்டு நகர்ந்துவிடுவது நியாயமாகாது.

வளமும் வறுமையும்

இந்த விஷயத்தைச் சென்னையிலிருந்தோ டில்லியிலிருந்தோ யோசிப்பதைவிட, அல்லிநகரத்திலிருந்து யோசிப்பது பொருத்தமாக இருக்கும். தேனியும் அல்லிநகரமும் சேர்ந்து ஒரே நகரசபை. போடி, கம்பம், பெரியகுளம், மதுரை ஆகிய நான்கு திசைப் பாதைகளும் கூடும் இடம். கம்பம் பள்ளத்தாக்கின் வாசல் என்றே சொல்லலாம். 1895-ல் முல்லைப் பெரியாற்று அணை கட்டி முடிந்து தண்ணீர் கிழக்கே திரும்பிய பிறகு, இந்தப் பள்ளத்தாக்கின் நிலை மாறியது. கூடலூரிலிருந்து பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. வாழையும் தென்னையும் கரும்பும் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கின்றன. கம்பம் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஆண்டிபட்டிப் பக்கத்து வறண்ட நிலத்தில் முருங்கை செழிக்கிறது. மலைமேல் ஏலக்காய், மலையடியில் மா, இலவம்பஞ்சு. தேனிச் சந்தைக்கு வந்து சேராத காய்கறி இல்லை.

இவ்வளவு விளையும் பூமியில் உழைப்பவரின் ஆகாரம் எப்படி இருக்கிறது? போடி, தேவாரம், கம்பம், கூடலூர்ப் பக்கங்களிலிருந்து விடிவதற்கு முன்பே ஜீப்புகளில் ஏறி, மலையைக் கடந்து கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் ஸ்திரீகளைப் பள்ளத்தாக்கில் அறியாதவர் இல்லை. அவர்கள் எழுந்து சமைக்கும் நேரம் நமக்கெல்லாம் நடுநிசி. தூக்குச் சட்டியில் சோறு; அதன்மேல் ஒரு கரண்டிக் குழம்பு அல்லது ஊறுகாய்; அதுவே மத்தியான ஆகாரம். அல்லிநகரத்தில் மூட்டை சுமப்பவர், நூல் மில்லில் வேலை செய்யும் பெண், கட்டட வேலைச் சித்தாள் ஆகியோரின் கதையும் பெரிதும் வேறன்று. காலையில் ஒரு டீ, பதினோரு மணிக்கு இன்னொரு டீயும் ஒரு வடையும், பிறகு சோறு, இரவில் மறுபடியும் சோறு. வயிறு நிறைகிறது. ஆனால் அந்தச் சோற்றைச் சுற்றி இருக்க வேண்டிய பருப்பும் கீரையும் காயும் பாலும் முட்டையும் பழமும் தட்டில் அகப்படுவது அபூர்வம். திராட்சைக் கூடையைத் தலையில் சுமந்து லாரியில் ஏற்றுகிறவள் தன் குழந்தைக்கு அதில் ஒரு கொத்து வாங்கிக் கொடுக்க யோசிக்கிறாள் என்றால், குறை பூமியில் இல்லை என்பது வெளிப்படை.

ரேஷன் கணக்கு

குறை எங்கே இருக்கிறது என்பதைச் சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹைதராபாத்திலுள்ள தேசீய போஷணை ஸ்தாபனம் 2024-ம் வருஷம் மே மாதத்தில் வெளியிட்ட ஆகார விதிகளின்படி, தினம் 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம். பருப்பு, முட்டை, மாமிசம் ஆகிய வகை 85 கிராம். கீரை உட்படக் காய்கறி 400 கிராம். பழம் 100 கிராம். கடலை, எள் போன்றவை 35 கிராம். எண்ணெய் 27 கிராம். பால் 300 மில்லி. பாரம் சுமப்பவருக்கு இது போதாது. சிறு குழந்தைக்கு இவ்வளவு வேண்டாம். உத்தேசமாக நால்வர் கொண்ட குடும்பத்திற்கு இதையே அளவாகக் கொள்வோம்.

அப்படியானால் மாதத்திற்குத் தானியம் 30 கிலோ வேண்டும். ரேஷன் கடையில் கிடைப்பது 20 கிலோ அரிசி. அதாவது தேவையில் மூன்றில் இரண்டு பங்கு இனாமாகக் கிடைத்துவிடுகிறது. பருப்பு இனத்தில் மாதம் 10 கிலோ வேண்டும். ரேஷன் கடையில் 30 ரூபாய் விலையில் கிடைப்பது ஒரு கிலோ துவரம் பருப்பு. தேவையில் பத்தில் ஒரு பங்கு. மிகுதி ஒன்பது பங்கிற்கு வெளிக்கடைக்குப் போக வேண்டும். அங்கே விலை ரேஷன் விலையைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். கீரையும் காயும் மாதம் 48 கிலோ வேண்டும். அதில் ஒரு பிடியும் ரேஷனில் இல்லை, இருக்கவும் முடியாது. பாலுக்கும் பழத்திற்கும் அதே கதி. சர்க்கரை கிலோ 25 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன.

இந்தக் கணக்கின் பொருள் என்ன? சர்க்காரின் உதவி பெரும்பாலும் மாவுப் பொருளிலும் சர்க்கரையிலும் எண்ணெயிலும் இறங்குகிறது. இரத்தமும் சதையும் எலும்பும் ஆக்கும் பொருள்களுக்கு அது ஒரு துளியாக மாத்திரம் வருகிறது. கையில் காசு குறைந்தவர், மலிவாகக் கிடைப்பதை அதிகம் உண்பதும், விலை கூடியதைக் குறைத்துக்கொள்வதும் இயற்கை. அதில் அவருடைய அறியாமை என்று சொல்ல என்ன இருக்கிறது? தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு சொல்கிறது. பணக்காரனின் வியாதி என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது, இன்று கூலிக்காரரின் வாசற்படியிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

குன்னூரில் கண்டது

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமுமல்ல. நூறு வருஷங்களுக்கு முன்பே நமது நீலகிரியிலுள்ள குன்னூரில் ராபர்ட் மக்காரிஸன் என்ற டாக்டர் இதைச் சோதித்துக் காட்டினார். இந்தியாவின் பல பிரதேசத்து ஜனங்கள் உண்ணும் ஆகாரங்களைத் தனித்தனிக் கூட்டத்து எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் ஆகாரத்தை உண்ட எலிகள் நன்றாகக் கொழுத்து வளர்ந்தன. தீட்டிய அரிசியே பிரதானமான சென்னை மாகாணத்து ஆகாரத்தை உண்ட எலிகள் இளைத்துக் கடைசி வரிசையில் நின்றன. அவருக்குப் பின் அந்த ஆராய்ச்சிச் சாலையின் தலைவரான ஆக்ராய்டு, 1937-ல் இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களைப் பட்டியலிட்டு, குறைந்த செலவில் நல்ல ஆகாரத்தை எப்படி அமைப்பது என்பதற்குச் சிறு நூல் ஒன்றும் வெளியிட்டார். 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி இன்று தேசீய போஷணை ஸ்தாபனமாக விளங்குவது அந்தக் குன்னூர்ச் சாலையே.

அதே காலத்தில் மகாத்மா காந்தி வார்தாவில் இருந்துகொண்டு, தீட்டாத அரிசி, செக்கு எண்ணெய், வெல்லம், பச்சிலைக் கீரை ஆகியவற்றைப் பற்றித் தம் பத்திரிகையில் வாரந்தோறும் எழுதி வந்தார். 1934-ம் வருஷக் கடைசியில் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியதரிசியாக அதை நடத்தியவர் நம் தமிழர் ஜே. ஸி. குமரப்பா. கடைசிக் காலத்தில் மதுரையை அடுத்த கல்லுப்பட்டியில் வந்து தங்கியவர். அரிசியின் உமியை நீக்குவது அவசியம், தவிட்டையும் நீக்குவது நஷ்டம் என்பது அவர்களுடைய வாதம். அரசியல் கிளர்ச்சியின் நடுவே தவிட்டையும் கீரையையும் பற்றி என்ன பேச்சு என்று அப்பொழுது சிலர் நகைத்தார்கள். இன்று சர்வேயின் எண்கள் அந்த நகைப்புக்குப் பதில் சொல்கின்றன.

பள்ளத்தாக்கின் பழைய ஆகாரமும் கவனிக்கத் தக்கது. நஞ்சை இல்லாத ஊர்களில் சோளச் சோறும் கம்பங் கூழும் கேழ்வரகுக் களியும்தான் தினசரி ஆகாரம். நெல்லுச் சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விருந்தாளிக்கும் உரியது. ஆகவே அரிசி கௌரவத்தின் அடையாளமாயிற்று. கூழ் ஏழ்மையின் அடையாளமாயிற்று. அரிசி மலிந்தவுடன் ஜனங்கள் கூழை விட்டதில் வியப்பில்லை. ஆனால் கௌரவம் வேறு, போஷணை வேறு. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே எடையுள்ள தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. பாட்டி தாழ்வென்று நினைத்து உண்டது, பேத்தியின் எலும்புக்கு இன்று தேவையாக இருக்கிறது. பட்டணத்துக் கடைகளில் அந்தக் கேழ்வரகும் சாமையும் குதிரைவாலியும் அலங்காரப் பொட்டலங்களில் ஏறி, பணக்காரரின் பண்டமாக விற்பது காலத்தின் விசித்திரம்.

காசு கசியும் இடம்

குடும்பத்தின் பங்கிற்கு இனி வருவோம். 2022-23-ல் மத்திய சர்க்கார் நடத்திய குடும்பச் செலவு சர்வேயில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. இந்தியக் கிராமங்களில் ஒரு குடும்பம் 100 ரூபாய் செலவழித்தால், அதில் 46 ரூபாய் சொச்சம் ஆகாரத்திற்குப் போகிறது. அந்த 46 ரூபாயில் காய்கறிக்கு 5 ரூபாய் 38 காசு. பாலுக்கும் பால் பண்டங்களுக்கும் 8 ரூபாய் 33 காசு. டீ, காபி, குளிர்பானம், பொட்டலத் தின்பண்டம், கடையில் வாங்கும் சமைத்த உணவு ஆகிய இனத்திற்கு 9 ரூபாய் 62 காசு. அதாவது, பாலைவிடவும் காய்கறியைவிடவும் கடைப் பண்டத்திற்கே அதிகம். இந்த இனத்தில் தமிழ்நாடு பிற ராஜ்யங்களுக்கு முன்வரிசையில் நிற்கிறது.

இதைக் கண்டு ஏழையை வைவதற்கு நாம் சம்மதியோம். பத்து மணி நேரம் உழைப்பவனுக்கு ஒரு டீ என்பது ஆகாரமல்ல, ஓய்வு. அழுகிற குழந்தைக்கு ஐந்து ரூபாய்ப் பொட்டலம் வாங்கித் தருவது தாய்க்கு அகப்பட்ட சுலபமான சமாதானம். ஆனால் அந்தப் பொட்டலத்தில் இருப்பது மாவும் எண்ணெயும் உப்பும்தான் என்பதையும், ஒரு டீயும் வடையும் வாங்கும் காசுக்கு ஒரு முட்டையும் ஒரு வாழைப்பழமும் வாங்கிவிடலாம் என்பதையும் ஒருவர் சொல்லத்தான் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் டீக்கடைக் காசில் பாதி முட்டையாக மாறினால், வருமானம் ஒரு பைசா கூடாமலே வீட்டின் ஆகாரம் உயர்ந்துவிடும்.

பள்ளத்தாக்கில் கிடைப்பதைக்கொண்டு சுருங்கிய செலவில் நடக்கக்கூடிய ஏற்பாடு இன்னதென்று சொல்லலாம். முதலாவது, முருங்கைக்கீரை. செடிமுருங்கைக்கு உலகமெங்கும் பெயர் வாங்கிக் கொடுத்த பி.கே.எம்.-1 என்ற ரகம், அல்லிநகரத்துக்கு அடுத்த பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரியில் உண்டானது, பி.கே.எம். என்பது பெரியகுளத்தின் பெயர்ச் சுருக்கமே. அன்னிய தேசங்களில் முருங்கை இலையைப் பொடியாக்கிப் புட்டியில் விற்கிறார்கள். நமது கொல்லையில் அது கேட்பாரற்று உதிர்கிறது. வாரத்தில் மூன்று நாள் அது குழம்பிலோ பொரியலிலோ அடையிலோ சேர வேண்டும். மற்ற நாளைக்கு அரைக்கீரையும் தண்டுக்கீரையும் அகத்தியும் இருக்கின்றன. கீரைக்கட்டைப்போல் காசுக்கு இவ்வளவு ஜீவசத்துக் கொடுக்கும் பண்டம் சந்தையில் வேறில்லை.

இரண்டாவது, துவரம் பருப்பு ஒன்றே பருப்பு என்ற எண்ணம் போக வேண்டும். மொச்சை, தட்டைப்பயறு, பாசிப்பயறு, கொள்ளு ஆகியவற்றிலும் புரதம் ஏறக்குறைய அதே அளவு, 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல், இருக்கிறது. அறுவடைக் காலத்தில் விலையும் இளகுகிறது. நிலக்கடலை அவற்றுக்குக் குறைந்ததல்ல. மாலையில் ஒரு பிடி அவித்த கடலை கிடைத்தால் குழந்தை பொட்டலத்தைத் தேடாது. சோறு ஒரு கரண்டி குறைந்து பயறு ஒரு கரண்டி கூடுவதே முழு விஷயமும்.

மூன்றாவது, ரேஷனில் கிடைக்கும் அரிசியையே சரியாகப் பயன்படுத்துவது. புழுங்கலரிசி கிடைக்கும்போது அதை வாங்குவது மேல்; நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதைக் குன்னூர் ஆராய்ச்சிக்காரர்களே கண்டறிந்து சொன்னார்கள். பலமுறை களைந்து கழுவுவதும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் அந்தச் சத்தைச் சாக்கடைக்கு அனுப்புவதாகும். வாரத்தில் இரண்டு மூன்று வேளை கேழ்வரகோ கம்போ சேர்ந்தால் அரிசியும் மீதமாகும், தேகமும் உரமாகும்.

நான்காவது, சாப்பிட்டவுடன் டீ குடிக்கும் வழக்கம். டீயிலுள்ள துவர்ப்பு, உணவிலுள்ள இரும்புச்சத்தைத் தேகம் ஏற்றுக்கொள்ளாமல் தடுக்கிறது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதற்கு மாறாக, அந்தச் சத்து உடம்பில் சேர உதவுகின்றன. டீயை விட வேண்டுவதில்லை. சாப்பாட்டிற்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும். இரத்தசோகையுள்ள ஸ்திரீகளுக்குக் காசு செலவில்லாத மருந்து இது. சோகைக்கு வயிற்றுப் புழு முதலிய வேறு காரணங்களும் உண்டாகையால், அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரைகளையும் அலட்சியம் செய்யலாகாது.

ஐந்தாவது, இது எல்லாவற்றிலும் பெரிது. நம் வீடுகளில் தாய் கடைசியாக உண்கிறாள். புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிய பிறகு சட்டியில் மிஞ்சுவது அவளுக்கு. சோறு மிஞ்சும், குழம்பில் காய் மிஞ்சாது, முட்டை மிஞ்சவே மிஞ்சாது. 100-க்கு 53 என்ற எண்ணின் பின்னால் இந்த வழக்கமும் நிற்கிறது. இதை மாற்றச் சட்டம் வேண்டாம், செலவு வேண்டாம். எல்லோரும் ஒருசேர உட்கார்ந்து உண்பது என்று வீட்டிலுள்ள ஆண்மக்கள் தீர்மானித்தால் போதும்.

உபதேசம் மட்டும் போதாது

மேலே சொன்னவற்றுக்கு ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. பயறு வாங்கலாம்; அதை வேகவைக்க நேரம் எங்கே? கீரை மலிவுதான், அதை ஆய்ந்து நறுக்குவது யார்? விடியுமுன் ஜீப்பில் ஏறி, பொழுது சாய்ந்து இறங்குகிற ஸ்திரீக்கு, கடையில் இட்லி வாங்குவது சோம்பலல்ல, வேறு வழியில்லாமை. சமையல் வாயு சிலிண்டரின் விலையும் சேர்ந்துகொள்கிறது. நல்ல ஆகாரத்தின் விலையில் பண்டத்தின் விலை ஒரு பகுதி. நேரத்தின் விலையும் அடுப்பின் விலையும் மறுபகுதி. இந்தப் பின்பகுதியை மறந்த உபதேசம் யாருக்கும் பயன்படாது. இரவிலேயே ஊறவைத்த பயறு காலையில் பாதி நேரத்தில் வெந்துவிடும். முளைகட்டினால் இன்னும் சீக்கிரம். கூழைக் காய்ச்சி வைத்தால் மறுநாளைக்கும் ஆகும். நம் முன்னோர் இந்த யுக்திகளை அறிந்திருந்தார்கள். ஆனாலும் இவை ஓரளவுக்கே உதவும். அதற்கு மேல் பொதுக் காரியமாகச் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

பொதுக் காரியமாகச் செய்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு நம் பள்ளிக்கூடங்களே சாட்சி. காமராஜ் ஆட்சியில் ஆரம்பித்த மதிய உணவு, 1982-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி எம். ஜி. ராமச்சந்திரன் ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. கருணாநிதி ஆட்சியில் அதில் வாரத்திற்கு ஐந்து முட்டை சேர்ந்தது. 2022-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் காலை உணவும் தொடங்கி, மறு வருஷம் அரசாங்க ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. ஆட்சிகள் மாறின; திட்டம் நிற்கவில்லை, வளர்ந்தது. தாய் விடியுமுன் வேலைக்குப் போனாலும் பிள்ளை பசியோடு பாடம் கேட்க வேண்டியதில்லை என்ற நிலை ஏற்பட்டது. பண்டத்தின் விலை, நேரத்தின் விலை, அடுப்பின் விலை மூன்றையும் சமூகமே ஏற்றுக்கொண்டதால் கிடைத்த பலன் இது. பிள்ளைக்கு முட்டை கிடைத்துவிட்டது. அவனைப் பெற்றவளுக்கு?

செய்ய வேண்டியவை

ஆகவே நாம் மூன்று யோசனைகளைக் கூற விரும்புகிறோம். முதலாவது, ரேஷன் கடையில் பருப்பின் அளவு உயர வேண்டும். கார்டுக்கு ஒரு கிலோ என்பது மூன்று கிலோவாவது ஆக வேண்டும். துவரை அகப்படாத மாதத்தில் பயறோ மொச்சையோ கொடுக்கலாம். சிறுதானியமும் வேண்டும். 2023-ல் நீலகிரி, தர்மபுரி ஜில்லாக்களில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கும் ஏற்பாடு ஆரம்பமாயிற்று. விரும்புகிற குடும்பம் அரிசிக்குப் பதில் கேழ்வரகோ கம்போ எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமை எல்லா ஜில்லாக்களுக்கும் வர வேண்டும். அதனால் ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரி விவசாயிக்கும் நிச்சயமான கிராக்கி பிறக்கும். செலவு கூடுமே என்பார்கள். கூடும். ஆனால் நீரிழிவுக்கும் பிரசவ ஆபத்துக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஆகும் செலவு யாருடைய பணம்? அதுவும் அதே கஜானாவின் பணமே.

இரண்டாவது, சந்தை தொழிலாளரின் நேரத்துக்கு இசைய வேண்டும். 1999-ம் வருஷம் நவம்பர் 14-ந் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது, இடைத்தரகர் இன்றி விவசாயி விற்கவும் ஜனங்கள் வாங்கவும் வழி பிறந்தது. நல்ல ஏற்பாடு, ஆனால் அதன் வியாபாரம் காலை வேளையில் நடப்பது. விடியுமுன் போய்ப் பொழுது சாய வருகிறவருக்கு அதனால் பயன் இல்லை. தேனி-அல்லிநகரம் நகரசபையும் விவசாய இலாகாவும் சேர்ந்து, ஜீப்புகள் இறங்கும் இடத்திலும் மில் வாசலிலும் மாலை ஆறு மணிக்கு மேல் கீரையும் காயும் முட்டையும் விற்க விவசாயிகளுக்கு இடம் கொடுத்தால், எத்தனையோ வீடுகளில் இரவுச் சாப்பாட்டின் தரம் மாறும். அளவு சிறுத்து ஏற்றுமதிக்கு உதவாத வாழையும் திராட்சையும் அங்கே மலிவாக விலைபோகும். விவசாயிக்கும் நஷ்டம் குறையும்.

மூன்றாவது, உழைக்கும் ஸ்திரீகளுக்கு வேலை ஸ்தலத்தில் ஒரு வேளை நல்ல உணவு. மில்களும் தோட்டங்களும் பெரிய கட்டட வேலைகளும் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ தினம் கொடுப்பது தர்மமல்ல. உழைப்பவளின் உடம்பு தேய்வதைத் தடுக்கும் கடமை. கேரளத்துத் தோட்டங்களில் வேலை செய்யும் நம் ஸ்திரீகளைப் பற்றி இரண்டு ராஜ்யங்களின் தொழில் இலாகாக்களும் கலந்து பேச வேண்டும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைப் பற்றி ஓயாமல் வாதாடுகிற இரண்டு சர்க்கார்களும், அதே மலைப்பாதையில் தினம் ஏறி இறங்கும் கூலிப் பெண்களின் சோற்றுச் சட்டியைப் பற்றியும் ஒரு முறை பேசினால் அது வீண் காரியமாகாது.

பசியை ஒழிப்பது சுலபமல்ல என்று சொல்லப்பட்ட காலத்தில் தமிழ்நாடு அதைப் பெரும்பாலும் ஒழித்துக் காட்டியது. அடுத்த படி, ஏழையின் தட்டில் அரிசியோடு பருப்பும் கீரையும் முட்டையும் சேர்வது. வயிறு நிறைந்தது போதும் என்று அந்தப் படியில் ஏறாமல் நின்றுவிட்டால், விளைச்சலில் குறைவில்லாத பள்ளத்தாக்கில் இரத்தமில்லாத தாய்மார்கள் என்ற வெட்கக்கேடு நீடிக்கும். குடும்பம் தன் காசைச் சீராக்கிக்கொள்ளட்டும். ஆண்மக்கள் தாயோடு சமமாக உட்கார்ந்து உண்ணட்டும். சர்க்கார் பருப்பின் அளவை உயர்த்தட்டும். நகரசபை மாலைச் சந்தைக்கு விளக்கு ஏற்றட்டும். இவை ஒவ்வொன்றும் சிறிய காரியமே. இவற்றைச் செய்ய வல்லவர்கள் எல்லோரும் நம்மிடையே இருக்கிறார்கள். இனிக் காலதாமதத்திற்குச் சமாதானம் சொல்ல யாருக்கும் இடமில்லை.